மாஸ்க் முதலில், ரெகுலேட்டர் கடைசியில்: உப்புத் தண்ணீரில் உழைத்த ஸ்கூபா சாமான்கள்

புதுச்சேரியிலோ அந்தமான் ஹேவ்லாக்கிலோ (இப்போதைய ஸ்வராஜ் த்வீப்) ஓப்பன் வாட்டர் கோர்ஸ் (ஸ்கூபாவின் தொடக்கப் பயிற்சி) முடித்த கையோடு முழு செட்டையும் வாங்கத் தோன்றும். வேண்டாம். முதல் இருபது முப்பது டைவுக்குச் சொந்தமாக இருக்க வேண்டியவை மாஸ்க், ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிட்டுக் காட்டும் டைவ் கம்ப்யூட்டர், காலுக்குப் பொருந்திய பூட். மற்றவற்றை வாடகைக்கு எடுத்துப் பழகினால் எது உடம்புக்கு ஒத்துவருகிறது என்பது தானாகவே பிடிபடும்.

மாஸ்க் வாங்கும்போது விலையை விட முகம்தான் முக்கியம். பட்டையை மாட்டாமல் முகத்தில் லேசாக வைத்து, மூக்கால் மெல்ல மூச்சை இழுத்து அடக்குங்கள். கையை எடுத்தாலும் விழாமல் நிற்க வேண்டும். பிறகு மூச்சுக் குழாயின் வாய்ப்பகுதியான மவுத்பீஸைக் கடித்துக்கொண்டு இதையே மறுபடி செய்து பாருங்கள். கடிக்கும்போது கன்னச் சதை நகர்வதால், முதலில் ஒட்டிய மாஸ்க் இப்போது ஓரத்தில் காற்று விடலாம். மீசை வைத்தவர்களுக்கு மூக்குக்கு அடியில்தான் கசியும். அங்கே மெல்லிய கோடாக மழித்தாலே பெரும்பாலும் நின்றுவிடும். கசிகிறதே என்று பட்டையை இறுக்கினால் சிலிக்கான் விளிம்பு மடங்கி இன்னும் அதிகமாகக் கசியும். நீச்சல் கண்ணாடி இதற்கு ஆகவே ஆகாது: மூக்கு உள்ளே இல்லாததால் அழுத்தத்தைச் சமன் செய்ய வழியில்லை, 10 மீட்டரில் அழுத்தம் இரட்டிப்பாகும்போது கண்ணில் இரத்தம் கட்டிவிடும்.

புது மாஸ்க் பனி மூட்டம் போட்டால் பழுது என்று நினைக்காதீர்கள். தயாரிப்பின்போது கண்ணாடியில் படிந்த சிலிக்கான் படலம்தான் காரணம். ஜெல் அல்லாத வெள்ளைப் பற்பசையை உள்பக்கம் இரண்டு நிமிடம் விரலால் தேய்த்துக் கழுவுங்கள். மூன்று நான்கு முறை செய்தால்தான் போகும். கோட்டிங் உள்ள கண்ணாடியில் மட்டும் தேய்க்க வேண்டாம். அதன்பின் ஒவ்வொரு டைவுக்கும் எச்சிலோ ஒரு சொட்டு பேபி ஷாம்போ போதும். வருடக்கணக்கில் பார்த்தால் நிறமற்ற சிலிக்கான் விளிம்பு மஞ்சளடித்துவிடுகிறது. கறுப்பு அப்படியே இருக்கிறது, பக்கவாட்டு வெளிச்சமும் கண்ணில் அடிப்பதில்லை. கறுப்பே வாங்குங்கள்.

கம்ப்யூட்டரில் க்ரெஸ்ஸி லியோனார்டோ, மேர்ஸ் பக் ப்ரோ போன்ற ஒற்றை பட்டன் மாடல்கள் தொடக்கத்துக்கு நிறைவாகப் போதும். எழுத்து பெரியது, பேட்டரியை நாமே மாற்றலாம் (லியோனார்டோவுக்கு சிஆர்2430). மாற்றும்போது மூடியின் ஓ-ரிங்கை (தண்ணீர் புகாமல் அடைக்கும் ரப்பர் வளையம்) விளக்கருகே திருப்பித் திருப்பிப் பாருங்கள். ஒரு முடியோ ஒரு மணலோ அடியில் சிக்கினால் அடுத்த டைவிலேயே உள்ளே தண்ணீர். சிலிக்கான் கிரீஸ் மினுமினுப்புக்கு மேல் பூச வேண்டாம். அந்தமான் போகிறவர்கள் கவனிக்க: பல டைவ் போட்டபின் போர்ட் பிளேரில் (இப்போதைய ஸ்ரீ விஜயபுரம்) விமானம் ஏற குறைந்தது 18 மணி நேர இடைவெளி வேண்டும்.

ஃபின் (காலில் மாட்டும் துடுப்பு) வாங்கினால் குதிகால் திறந்த வகை, ஸ்பிரிங் பட்டையோடு. ரப்பர் பட்டை வெயிலில் பக்கிள் அருகே வெடித்து, படகில் மாட்டும்போதுதான் அறுபடும். நம் பக்கத்துத் தண்ணீருக்கு 3 மில்லிமீட்டர் வெட்சூட் (உடம்புச் சூட்டைக் காக்கும் உடை) பெரும்பாலோருக்குப் போதும்.

வாடகை பிசிடியில் (காற்றை நிரப்பியும் விட்டும் மிதப்பைக் கட்டுப்படுத்தும் மேல்சட்டை) கட்டாயம் பார்க்க வேண்டியது காற்றை நிரப்பும் இன்ஃப்ளேட்டர் பட்டன். உள்ளே உப்பு படிகமாகிவிட்டால் அழுத்திய பட்டன் எழாது. பிசிடி தானாகக் காற்று நிரப்பிக்கொண்டு ஆளை மேலே தூக்கிவிடும். கரையிலேயே பத்து முறை அழுத்திப் பாருங்கள், ஒட்டினால் வேறு கேளுங்கள். நீருக்கடியில் ஒட்டிக்கொண்டால் இன்ஃப்ளேட்டருக்குக் காற்று வரும் ஹோஸைக் கழற்றிவிட்டு, கூடவே காற்றை வெளியேற்ற வேண்டும். கையுறை இல்லாமலும் போட்டும் இதைப் பழகுங்கள். சொந்த பிசிடி என்றால் வெளியே கழுவினால் மட்டும் போதாது. உள்ளே நல்ல தண்ணீர் விட்டுக் குலுக்கி, வடித்து, பாதி ஊதி நிழலில் தொங்கவிட வேண்டும்.

சிலிண்டர் காற்றை மூச்சுக்கு ஏற்ற அழுத்தத்தில் தரும் ரெகுலேட்டரைக் கடைசியாக வாங்கச் சொல்வதற்குக் காரணம் சர்வீஸ். கம்பெனியைப் பொறுத்து வருடம் ஒருமுறையோ இரண்டு வருடத்துக்கு ஒருமுறையோ, டைவ் போட்டாலும் போடாவிட்டாலும், பிரித்து ஓ-ரிங் மாற்ற வேண்டும். உங்கள் ஊரில் எந்த பிராண்டுக்குப் பயிற்சி பெற்ற மெக்கானிக் இருக்கிறாரோ அந்த பிராண்டை வாங்குங்கள். சிலிண்டரில் மாட்டும் இணைப்பு இரண்டு வகை: திருகி மாட்டும் டின் (DIN), கவ்வி மாட்டும் யோக். டின் இணைப்பு உறுதியானது. யோக் சிலிண்டருக்கான அடாப்டரையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள். கழுவும்போது முதல் ஸ்டேஜின் (சிலிண்டரில் மாட்டும் பகுதி) தூசி மூடியை உலர்த்தி மாட்டியபின்தான் முக்க வேண்டும். அப்போது மவுத்பீஸ் பக்கத்தில் காற்றைப் பீய்ச்சும் பர்ஜ் பட்டனைத் தொட்டால் தண்ணீர் ஹோஸ் வழியாக முதல் ஸ்டேஜுக்கே போய்விடும். மவுத்பீஸ் கடித்துக் கடித்துக் கிழியும் என்பதால் மாற்று மவுத்பீஸ் ஒன்றும், அதைக் கட்ட இரண்டு கேபிள் டையும் பையில் எப்போதும் இருக்கட்டும்.