பொந்து விழுந்த மரத்தை மொட்டை அடிக்கச் சொல்கிறவர்களிடம் கவனம்

திருகோணமலையில் மாரி தொடங்கப் போகிறது. மரம் வெட்டுகிற ஆட்கள் லொறியோடு ஒழுங்கை ஒழுங்கையாக வருவார்கள். 2020 டிசம்பரில் புரெவிப் புயல் நம் கரையில் ஏறியதிலிருந்து, வளவில் பெரிய மரம் நிற்கிற எல்லோருக்கும் பயம். அந்தப் பயத்தில்தான் இவர்கள் பிழைக்கிறார்கள்.

உப்புவெளியில் எங்கள் வீட்டில் நிற்பது அம்மப்பா காலத்து வேம்பு. அடிமரத்தில் ஒரு பொந்து, அதற்கு மேலே உக்கிய கொப்பு ஒன்று. அதை மட்டும் எடுக்கத்தான் பேசினோம். "அக்கா, முழுக்க மொட்டை அடிச்சு விடுறன், பத்து வருசத்துக்குப் பயமில்லை" என்றார் வந்தவர். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனேன். பின்னேரம் வந்து பார்த்தால் மரத்தில் ஓர் இலை இல்லை. தொடை மொத்தக் கொப்புகளை நடுவில் அறுத்து, தார் பூசி, பொந்துக்குள் சீமெந்து அடைத்திருந்தார்கள். பேசியதைப்போல இரண்டு மடங்கு காசை அம்மாவிடம் வாங்கியும் போய்விட்டார்கள்.

அப்புறம் மரம் பொசுபொசுவென்று தளிர்த்தது. பார்த்தவர்கள் எல்லாம் நல்லா வந்திட்டுது என்றார்கள். இலை போனால் மரத்துக்குச் சாப்பாடு இல்லை; சேர்த்து வைத்திருந்த மாப்பொருளைச் செலவழித்து அவசரத்தில் விடுகிற தளிர் அது. பழைய கொப்பு மரத்தின் உள்ளிருந்தே சேர்ந்து வளர்ந்தது. இது பட்டைக்குக் கீழே மேலோட்டமாக ஒட்டிக்கொண்டு நெடுநெடுவென்று வளரும். அதேநேரம் பெரிய வெட்டு வாய் வழியே பூஞ்சணம் உள்ளே இறங்கும். மரத்துக்குக் காயம் நம் தோல் மாதிரி ஆறாது. உக்கலைச் சுற்றித் தடுப்புக் கட்டி, மேலால் புது மரப்படை வளர்த்து மூடப் பார்க்கும், அவ்வளவுதான். இவ்வளவு பெரிய வெட்டை மூடி முடிக்கும் முன்னமே உள்ளே உக்கிவிடும்.

போன மாரியில் அப்படி வளர்ந்த கொப்பொன்று வாடைக்காற்றுக்குக் கிணற்றடியில் பிய்ந்து விழுந்தது. அடியைப் பார்த்தேன். ஒரு பக்கம் விரல் தடிப்புக்கு நல்ல மரம், மற்றதெல்லாம் அமத்தினால் கொட்டுகிற மண்ணிறத் தூள். தார் கழன்று, கீழே ஈரமும் எறும்பும். வெட்டினவரைக் கூப்பிட்டுக் காட்டினால், திரும்பவும் மொட்டை அடிக்க வேணுமாம். அதற்குப் புது விலை!

ஆள் வந்தால் எந்தக் கொப்பை, எந்த இடத்தில் வெட்டப் போகிறார் என்று கேளுங்கள். பாரம் குறைக்கவென்றால், வெட்டுகிற இடத்தின் தடிப்பில் மூன்றில் ஒரு பங்காவது தடிப்புள்ள பக்கக் கொப்பு வரை வெட்டலாம். முழுக் கொப்பையும் எடுப்பதென்றால், அடியில் புடைத்திருக்கிற வளையத்தில் வாள் படக்கூடாது. ஒரே தடவையில் கால்வாசி இலைக்கு மேல் எடுக்க விடாதீர்கள். உக்கல் விழுந்த கிழட்டு மரத்தில் இன்னும் குறைய. தாரும் சீமெந்தும் உக்கலை நிறுத்தாது, அதற்குக் காசு கொடுக்க வேண்டாம்.

ஏற்கனவே மொட்டை அடித்துவிட்டார்களா? தளிர்களை ஒரேயடியாக வெட்ட விடாதீர்கள், இப்போது மரத்தின் சாப்பாடே அதுதான். கூரைக்கும் கிணற்றுக்கும் மேலே நீட்டிக்கொண்டிருப்பவற்றை முதலில் கட்டையாக்கி, மிச்சத்தைச் சில வருடங்களில் கொஞ்சங் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். எங்கள் வேம்புக்கு இப்போது அதைத்தான் செய்கிறோம்.