15 மார்க்குக்காக ஒரு தப்பு நோட்டு: பத்து மாதம் பயன்படுத்திய அனுபவம்

பொறியியல் மேற்படிப்புக்கான கேட் (GATE) தேர்வை இரண்டு முறை எழுதினேன். முதல் முறை ஆப்டிடியூட் (பொதுத்திறன்) பகுதியில் 15க்கு 6.33. அடுத்த வருடம் 13. இரண்டுக்கும் நடுவில் நான் புதிதாக வாங்கியது, போட்ட தப்புகளை எழுதிவைக்க 200 பக்கக் கோடு போட்ட நோட்டு ஒன்றுதான். அதை ஏப்ரலில் தொடங்கி ஜனவரி வரை ஓட்டினேன். அது எதற்கு உதவியது, எதற்கு உதவவில்லை என்று எழுதி வைக்கிறேன்.

எந்தப் பாடத்தில் எழுதினாலும் இந்தப் பகுதி எல்லோருக்கும் உண்டு. மொத்தம் 65 கேள்வி, 100 மார்க், மூன்று மணி நேரம். அதில் முதல் 10 கேள்விகள் ஆப்டிடியூட்: ஐந்து ஒரு மார்க், ஐந்து இரண்டு மார்க். ஆங்கிலம், தர்க்கம், உருவங்களைத் திருப்பிப் பார்க்கும் கேள்விகள் என எல்லாம் கலந்து வரும். சதவீதம், விகிதம், நிகழ்தகவு, வரைபடம், பரப்பளவு என்று கணக்குப் பக்கம் சாய்ந்தவை அதில் கணிசம். பள்ளிக் கணக்குதானே என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் சொன்னேன். மூன்று வருடம் தெர்மோடைனமிக்ஸ் படித்தவனுக்குச் சதவீதம் ஒரு பிரச்சினையா என்ற திமிர் இருந்தது. அதன் விலைதான் அந்த 6.33.

முதல் வருடம் ஒரு பயிற்சி மையத்தில் கொடுத்த ஷார்ட்கட் தாள்களை மனப்பாடம் செய்தேன். ரயில் கணக்குக்கு ஒரு சூத்திரம், படகுக்கு ஒன்று, தொட்டிக் குழாய்க்கு ஒன்று. தாள்கள் அறுபதைத் தாண்டின. தேர்வு அறையில் கேள்வியைப் பார்த்ததும் இது எந்தத் தாள் என்று தேட ஆரம்பித்தேனே தவிர, கேள்வி என்ன கேட்கிறது என்று பார்க்கவில்லை. தொட்டிக் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு குழாய் 6 மணி நேரத்தில் நிரப்பும், இன்னொன்று 8 மணி நேரத்தில் காலி செய்யும், இரண்டையும் திறந்தால் எப்போது நிரம்பும்? தொட்டி 24 லிட்டர் என்று வைத்துக்கொண்டால் மணிக்கு 4 லிட்டர் வருகிறது, 3 போகிறது, மீதி 1. ஆக 24 மணி நேரம். இதற்கு எந்தச் சூத்திரமும் வேண்டாம். இது எனக்குப் புரிந்தது தேர்வு முடிந்து இரண்டு மாதம் கழித்து.

சரி, நோட்டு விஷயம். தினமும் பத்துக் கேள்வி, 25 நிமிடம். தப்பானதை மட்டும் நோட்டில் எழுதுவேன். சரியான விடையைப் படிப்படியாகக் காப்பி செய்ய மாட்டேன், அது கை வலிக்க மட்டும்தான் உதவும். கேள்வியைச் சுருக்கமாக எழுதி, கீழே ஏன் தப்பாகப் போட்டேன் என்று ஒரே ஒரு வரி. ஓரத்தில் ஒரு எழுத்து: கேள்வியைச் சரியாகப் படிக்காவிட்டால் 'ப', கூட்டல் பெருக்கலில் சறுக்கினால் 'க', வழியே தெரியாவிட்டால் 'தெ', தெரிந்தும் நேரம் போதாவிட்டால் 'நே'. ஞாயிற்றுக்கிழமை விடையை மறைத்துக்கொண்டு அந்த வாரத் தப்புகளைத் திரும்பப் போடுவேன். இரண்டு ஞாயிறு தொடர்ந்து சரியாக வந்தால் அந்தக் கேள்விமேல் குறுக்கே ஒரு கோடு.

முதல் இரண்டு மாதம் முடிந்து ஓரத்து எழுத்துகளை எண்ணிப் பார்த்தேன். 'தெ' தான் நிறைய இருக்கும் என்று நினைத்திருந்தேன். பாதிக்கு மேல் 'ப'. எனக்குக் கணக்கு வராமல் இல்லை, கேள்வியை முழுதாகப் படிக்கத்தான் வரவில்லை. இந்த ஒரு தகவலுக்காகவே நோட்டுக்குக் கொடுத்த காசு சரியாகிவிட்டது.

அந்த 'ப' பக்கங்களைப் புரட்டினால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. தேர்ச்சி விகிதம் 40 சதவீதத்திலிருந்து 50 சதவீதமாகிறது, எத்தனை சதவீத உயர்வு? நான் 10 என்று போட்டிருக்கிறேன். 10 என்பது சதவீதப் புள்ளி. உயர்வு 25 சதவீதம், ஏனென்றால் ஒப்பிட வேண்டியது 40உடன். போகும்போது மணிக்கு 40 கிலோமீட்டர், அதே வழியில் திரும்பும்போது 60, சராசரி வேகம் என்ன? 50 என்று எழுதிவிட்டுப் பக்கம் திருப்பியிருக்கிறேன். மெதுவாகப் போகும்போது அதிக நேரம் ஆகிறதே, பிறகெப்படி நடுவில் நிற்கும்? விடை 48. பொருளின் விலை 20 சதவீதம் கூடினால், செலவு மாறாமலிருக்கப் பயன்பாட்டை எவ்வளவு குறைக்க வேண்டும் என்ற கேள்வியில் கொடுத்திருக்கும் விடை விருப்பங்களில் 20 கண்டிப்பாக ஒன்றாக இருக்கும். அது அங்கே இருப்பதே நம்மைப் போன்றவர்களுக்காகத்தான். ஐந்தில் ஒரு பங்கு கூடினால் ஆறில் ஒரு பங்கு குறைக்க வேண்டும், அதாவது 16.67.

வரைபடக் கேள்விகளிலும் இதே கதை. எந்த வருடம் வளர்ச்சி விகிதம் அதிகம் என்று கேட்டிருப்பார்கள். 60லிருந்து 80க்கு ஏறிய பட்டை கண்ணுக்குப் பெரிதாகத் தெரியும், 20லிருந்து 30க்கு ஏறியது சின்னதாகத் தெரியும். முதலாவது 33 சதவீதம், இரண்டாவது 50. 'அதிகபட்சம்', 'குறைந்தபட்சம்', 'அல்லாதது' ஆகிய மூன்று சொற்களின் கீழும் கோடு போடாமல் கணக்கைத் தொடுவதில்லை என்று ஜூனில் ஒரு விதி வைத்தேன். தேர்வு கணினியில் நடப்பதால் திரையில் கோடு போட முடியாது, அதனால் கொடுக்கும் ரஃப் தாளில் அந்தச் சொல்லை மட்டும் எழுதிக்கொள்வேன். சிறுபிள்ளைத்தனமாகத் தெரியலாம். ஆகஸ்ட் முடிவதற்குள் 'ப' கால்வாசியாகக் குறைந்தது.

'க' வகைக்கு மருந்து வேறு. பின்னங்களைச் சதவீதமாக மனதில் ஏற்றினேன்: 1/7 என்றால் 14.28, 1/8 என்றால் 12.5, 1/9 என்றால் 11.11. 648இல் 37.5 சதவீதம் என்றால் எட்டில் மூன்று பங்கு. 81 மூன்று தடவை, 243. திரையில் ஒரு கால்குலேட்டர் தருகிறார்களே என்பீர்கள். தருகிறார்கள், ஆனால் மவுஸால் ஒவ்வொரு எண்ணாக அமுக்க வேண்டும். சொந்தக் கால்குலேட்டரைக் கொண்டுபோக முடியாது. வீட்டில் கையடக்கக் கால்குலேட்டரிலேயே பழகிவிட்டு அறையில் மவுஸோடு மல்லுக்கட்டியது முதல் வருடத்து இன்னொரு முட்டாள்தனம். இரண்டாம் வருடம் திரைக் கால்குலேட்டரைத் தவிர வேறு எதையும் தொடவில்லை. அப்புறம்தான் தெரிந்தது, ஆப்டிடியூட் கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு அதைத் திறக்காமலிருப்பதே வேகம்.

'தெ' வகை குறைவாகவே வந்தது, அதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 7இன் 2023ஆம் அடுக்கின் கடைசி இலக்கம் போன்றவை ஒருமுறை பார்த்தால் போதும் (7, 9, 3, 1 என்று நாலு நாலாகச் சுற்றும், 2023ஐ நாலால் வகுத்தால் மீதி 3, ஆக விடை 3). மூன்று பகடைகளில் ஒன்றிலாவது ஆறு விழும் வாய்ப்பைக் கேட்டால், ஒன்றிலும் விழாததைக் கண்டுபிடித்து 1லிருந்து கழிக்க வேண்டும், 91/216. 'குறைந்தது ஒன்று' என்று பார்த்தாலே கை தானாகக் கழித்தலுக்குப் போகும் அளவுக்கு இதைப் போட்டேன்.

நெகட்டிவ் மார்க் பற்றி ஒரு கணக்கு. நான்கு விருப்பக் கேள்வியில் தப்பாக விடை போட்டால் ஒரு மார்க்குக்கு 1/3, இரண்டு மார்க்குக்கு 2/3 போகும். கண்ணை மூடிக்கொண்டு அடித்தால் சராசரியாக வரவும் இல்லை, செலவும் இல்லை, பூஜ்யம். ஒரு விருப்பத்தை உறுதியாக நீக்க முடிந்தால் ஒரு மார்க் கேள்வியில் சராசரி லாபம் 1/9, இரண்டு மார்க்கில் 2/9. ஆக, ஒன்றையாவது நீக்க முடிந்தால் அடிக்கலாம். ஆனால் அந்த 'உறுதியாக' என்ற இடத்தில்தான் நான் நிறைய ஏமாந்திருக்கிறேன். முதல் முறை நான் இழந்த மார்க்கில் ஒரு பங்கு, நீக்கியதாக நினைத்த விருப்பமே விடையாக இருந்ததால் போனது.

கேள்விகளுக்கு எங்கே போவது? காசு கொடுத்து ஒரு மாக் டெஸ்ட் (மாதிரித் தேர்வு) தொகுப்பு வாங்கினேன், பெயர் வேண்டாம். அதில் கணக்குகள் வேண்டுமென்றே அசிங்கமான எண்களோடு இருந்தன, 17.38 சதவீதம் என்றெல்லாம். உண்மைத் தாளில் எண்கள் பெரும்பாலும் சுத்தமாக இருக்கும், யோசனைதான் முறுக்காக இருக்கும். ஒரு மாதத்தில் விட்டுவிட்டேன். பழைய தாள்களே போதும். நான் மெக்கானிக்கல் என்றாலும் சிவில், கம்ப்யூட்டர், கெமிக்கல் தாள்களின் முதல் பத்துக் கேள்விகளையும் போட்டேன். ஒரே வேளையில் நடந்த வெவ்வேறு பாடத் தாள்களில் அதே பத்துக் கேள்விகள் திரும்பி வருவதைப் பார்க்கலாம், அதனால் ஒவ்வொரு வேளையிலிருந்தும் ஒரு தாள் எடுத்தால் போதும்.

நோட்டுக்கு எதிராகச் சொல்லவும் இருக்கிறது. செப்டம்பருக்குப் பிறகு தப்புகள் குறைந்து, எழுதுவதற்கு ஒன்றும் இல்லாத நாள்கள் வந்தன. அப்போது வேண்டுமென்றே கடினமான கேள்விகளைத் தேடிப்போய் நோட்டை நிரப்பினேன், நிரப்புவதே வேலை என்பதுபோல. அந்த மூன்று வாரம் வீண். 'நே' வகைக்கும் நோட்டு ஒன்றும் செய்யவில்லை. அதற்கு ஸ்டாப் வாட்ச்தான் வழி: இரண்டு நிமிடத்தில் பாதை தெரியாவிட்டால் குறித்து வைத்துவிட்டு அடுத்ததற்குப் போவது.

தேர்வு நாளில் மாற்றியது ஒன்றுதான். முதல் முறை ஆப்டிடியூட்டைக் கடைசிக்குத் தள்ளி, 18 நிமிடம் மிச்சமிருக்கும்போது பதற்றத்தோடு திறந்தேன். இரண்டாம் முறை முதலிலேயே எடுத்து 22 நிமிடத்தில் முடித்தேன். ஒரு மார்க் ஐந்தும் சரி, இரண்டு மார்க்கில் நான்கு சரி. விட்டுவிட்ட ஐந்தாவது, தாளை மடித்து ஓட்டை போட்டு விரித்தால் எப்படித் தெரியும் என்ற வகை. பத்து மாத நோட்டில் அந்த வகைக் கேள்விகள் மட்டும் இன்னும் குறுக்குக் கோடு இல்லாமல் கிடக்கின்றன.