நோயாளிக் கண்காணிப்பு: மதிப்பெண் தாள், பதிவேடு, துடிப்பலை

வார்டில் இருக்கும் நோயாளியின் நிலை மோசமாகப் போவதை முன்கூட்டியே அறிய இன்று மூன்று வழிகள் உள்ளன. செவிலியர் கூட்டிப் போடும் மதிப்பெண் ஒன்று. மருத்துவமனையின் மின்னணுப் பதிவேட்டை அலசும் இயந்திரக் கற்றல் இன்னொன்று. மானிட்டரில் ஓடும் துடிப்பலையை நேரடியாகப் படிக்கும் கணிப்பு மூன்றாவது. பின்னிரண்டையும் ஒரே கூடையில் போடுவது வழக்கம். ஆனால் மனிதர் எழுதி வைத்ததைப் படிப்பவை முதல் இரண்டுமே. உடல் தானே எழுதுவதைப் படிப்பது மூன்றாவது மட்டுமே.

முதல் வகைக்குப் பிரிட்டனின் நியூஸ்2 (NEWS2, தேசிய முன்னெச்சரிக்கை மதிப்பெண்) நல்ல எடுத்துக்காட்டு. லண்டனின் மருத்துவர் அமைப்பான ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2012-இல் வெளியிட்டு 2017-இல் திருத்திய இம்முறையில் மூச்சு வீதம், ஆக்சிஜன் செறிவு, கூடுதல் ஆக்சிஜன் தரப்படுகிறதா என்பது, ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, நினைவுநிலை, வெப்பநிலை ஆகிய ஏழுக்கும் மதிப்பெண் இடப்படும். கூட்டுத்தொகை 5 ஆனால் மருத்துவர் விரைந்து பார்க்க வேண்டும். 7 ஆனால் நெருக்கடிக் குழு வர வேண்டும். எச்சரிக்கை ஏன் எழுந்தது என்பதைத் தாளைப் பார்த்தாலே சொல்லிவிடலாம் என்பது இதன் பெரும்பலம். பலவீனம் இடைவெளியில் இருக்கிறது: மதிப்பெண் பூஜ்யமாக உள்ளவருக்கு அடுத்த அளவீடு 12 மணி நேரம் கழித்தே நிகழலாம்.

இந்த இடைவெளியை நிரப்பவே பதிவேட்டு மாதிரிகள், அதாவது பதிவேட்டைப் படித்து ஆபத்தைக் கணிக்கும் கணினி மாடல்கள், வந்தன. மருத்துவமனைப் பதிவேட்டு மென்பொருள் தயாரிக்கும் எபிக் நிறுவனத்தின், அமெரிக்காவில் பரவலாக நிறுவப்பட்ட செப்சிஸ் (நோய்த்தொற்றால் உடலுறுப்புகள் செயலிழக்கும் நிலை) கணிப்பை மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தங்கள் மருத்துவமனைத் தரவில் சோதித்து 2021-இல் வெளியிட்டார்கள். நாணயம் சுண்டினால் 0.5-உம் பிழையின்றிக் கணித்தால் 1-உம் கிடைக்கும் அளவுகோலில் அது பெற்றது 0.63. செப்சிஸ் வந்தவர்களில் 67 சதவீதத்தினரை அது தவறவிட்டது. ஆனாலும் அனுமதிக்கப்பட்டவர்களில் 18 சதவீதத்தினருக்கு மணியடித்தது. ஆன்டிபயாடிக் எழுதப்பட்டதையும் அம்மாதிரி ஓர் உள்ளீடாகக் கொண்டிருந்தது என்பதுதான் வேடிக்கை: மருத்துவர் சந்தேகித்த பிறகு அவரிடமே சந்தேகத்தைத் தெரிவிப்பதில் என்ன பயன்?

இதனால் பதிவேட்டு வழியையே ஒதுக்கிவிட முடியாது. அமெரிக்காவின் கைசர் பெர்மனென்டே மருத்துவமனைகள் தங்கள் கணிப்பின் எச்சரிக்கைகளை வார்டுக்கு நேரே அனுப்பவில்லை. தொலைவில் அமர்ந்த அனுபவமிக்க செவிலியர்கள் அவற்றைச் சலித்து, தேவையானவற்றை மட்டும் அங்குள்ள குழுவிடம் சேர்த்தார்கள். 2020-இல் வெளியான ஆய்வில் 30 நாள் இறப்பு ஒப்பீட்டுக் குழுவில் 20.4 சதவீதமாகவும் எச்சரிக்கை கிடைத்த குழுவில் 15.8 சதவீதமாகவும் இருந்தது. குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த சோதனை அன்று என்பதால் இவ்வேறுபாடு முழுவதையும் மாதிரியின் கணக்கில் எழுதிவிடக் கூடாது.

குலுக்கல் சோதனையைத் தாண்டி வந்தது மூன்றாவது வழி. வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் உருவான ஹீரோ மானிட்டர், குறைப்பிரசவக் குழந்தையின் இதயத் துடிப்பில் இயல்பான ஏற்ற இறக்கம் மங்குவதையும் துடிப்பு அவ்வப்போது சட்டென்று தாழ்ந்து மீள்வதையும் அளந்து, நோய்த்தொற்றின் அபாயத்தை ஒரே எண்ணாகக் காட்டுகிறது. மிகக் குறைந்த எடையுள்ள 3,003 குழந்தைகளில் பாதிப்பேருக்கு மட்டும் அந்த எண்ணைத் திரையில் காட்டினார்கள். 2011-இல் வெளியான முடிவின்படி இறப்பு 10.2 சதவீதத்திலிருந்து 8.1 சதவீதமாகக் குறைந்தது. உள்ளே இயங்குவது லாஜிஸ்டிக் ரிக்ரஷன் என்ற எளிய புள்ளியியல் கணக்குத்தான். நுட்பம் கணக்கில் இல்லை. மனிதக் கண் தொடர்ந்து பின்பற்ற முடியாத சமிக்ஞையைத் தேர்ந்ததில் இருக்கிறது.

ஆகவே தொடர் மானிட்டரும் அருகிலேயே செவிலியரும் உள்ள பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குத் துடிப்பலையே என் தேர்வு. பொது வார்டுக்கு நியூஸ்2 போதும்; எச்சரிக்கைகளைச் சலிக்கத் தனி ஆட்களை அமர்த்த இயலும் மருத்துவமனை மட்டும் அதன்மேல் பதிவேட்டு மாதிரியைச் சேர்த்துக்கொள்ளலாம்.