நாமக்கட்டியும் நோட்டும்: பட்டியில் மூன்று ஆண்டுக் கணக்கு

பென்னாகரம் பக்கம் எங்கள் பட்டியில் 24 பெட்டை ஆடுகள், எல்லாம் சேலம் கருப்பு. அவை ஒரே சமயத்தில் பருவத்துக்கு வருகின்றனவா என்று அறிய, கிடாவின் மார்பில் சாயம் பூசிவிடும் முறையை மூன்று ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறேன். கிடா ஏறிய பெட்டையின் பின்புறத்தில் சாயம் ஒட்டிக்கொள்ளும். காலையில் பட்டியைத் திறக்கும்போது காதுவில்லை எண்ணைப் பார்த்து நோட்டில் எழுதிக்கொள்வேன்.

முதலில் செங்காவி பூசினேன். கறுப்பு மயிரில் கண்ணுக்கே தெரியவில்லை. நாமக்கட்டியை அரைத்துக் கடலை எண்ணெயில் கெட்டியாகக் குழைத்த பிறகுதான் பளிச்சென்று பதிந்தது. இரண்டு நாளுக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும். நல்ல மழை பெய்தால் அன்றைய கணக்கு போயிற்று.

வெள்ளாட்டின் பருவச் சுழற்சி சுமார் 21 நாள். ஒன்றாக வராமல் ஒவ்வொன்றும் தன்போக்கில் வந்தாலும் ஐந்து நாளில் சராசரியாக ஆறு பெட்டைகள் பருவத்துக்கு வரும். முதல் ஆண்டு அந்த ஆறைப் பார்த்தே மகிழ்ந்துவிட்டேன். அடுத்த ஆண்டு, கிடாவை ஒரு மாதம் வாடைகூட எட்டாத தூரத்தில் மாமா வீட்டில் கட்டிவைத்து, ஆவணி முதல் வாரம் அவிழ்த்துவிட்டேன். ஐந்து நாளில் 15 பெட்டைகள் மேல் வெள்ளை!

ஒரு வாரத்தில் அவற்றில் சிலவற்றின் மேல் மறுபடி சாயம். சினை நிற்கவில்லையோ என்று கலங்கிப்போனேன். பிரிந்திருந்த கிடா வந்ததும் தோன்றும் முதல் பருவத்தை அடுத்து, ஒரு வாரத்துக்குள் மறுபருவம் வருவது வெள்ளாட்டில் சகஜம் என்று கால்நடை மருத்துவர் விளக்கினார். அதிலிருந்து இரண்டாம் வாரம் மஞ்சள் காவிக்கு மாறிவிடுகிறேன். எது முதல் முறை, எது மறுமுறை என்ற குழப்பமே இல்லை.

சுமார் 150 நாள் கழித்துத் தை பிறக்கும்போது குட்டிகள் வந்தன. இரண்டு மூன்று வாரம் இரவில் கண்விழித்தால் போதும். முன்பெல்லாம் புரட்டாசி முதல் சித்திரை வரை சிதறிப் பிறக்கும். பனியில் விறைத்துக் கிடந்த குட்டிகளை விடியற்காலையில் கையில் எடுத்திருக்கிறேன்.

பருவத்தில் மட்டுமல்லாமல் மேய்வதிலும் படுப்பதிலும் மந்தை ஒன்றாக நடக்கிறதா என்று பார்க்க, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எத்தனை படுத்திருக்கின்றன, எத்தனை மேய்கின்றன என்றும் எண்ணினேன். உச்சிவெயிலில் அத்தனையும் புளியமரத்தடியில் படுப்பது வெயிலின் வேலை. மந்தையின் ஒற்றுமையாக அதை எழுத முடியாது. வெயில் தாழ்ந்தபின் மூத்த பெட்டை எழுந்ததும் மற்றவை எவ்வளவு நேரத்தில் எழுகின்றன என்பதை மட்டும் இப்போது குறிக்கிறேன்.

இத்தனை பெட்டைகள் ஒன்றாக வந்தால் ஒரு கிடா தாங்காது. போச்சம்பள்ளிச் சந்தையில் இன்னொன்று வாங்கியிருக்கிறேன். அதற்கு நீலச் சாயம்.