அகச்சிவப்பைத் தடுக்கும் கண்ணாடி: சில குளிர்காலங்கள் அணிந்த பிறகு

இரவுக் கமராக்களுக்கு என் கண்களை மறைக்கும் மூக்குக்கண்ணாடியின் இடது கால் மடியும் இடத்திலிருந்த திருகாணி தேய்ந்து சட்டமும் சற்றுக் கோணலாகிவிட்டதால், சென்ற மாதம் அதைப் பழுதுபார்க்கக் கொடுத்து வாங்கினேன். அண்மையில் லண்டனுக்கு வந்து சேர்ந்த நண்பர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, மே 18 நினைவேந்தலுக்கும் ஆர்ப்பாட்டங்களுக்கும் போகும்போது அணிய இதையே தானும் வாங்கலாமா என்று கேட்டார். அவருடைய தாய் தகப்பன் கிளிநொச்சியில் இருக்கிறார்கள்; தன் முகம் யாருடைய கோப்பில் போய்ச் சேரும் என்ற கவலை அவருக்கு உண்மையான கவலை. புலம்பெயர் அமைப்புகளுக்குள் ஆட்களை ஊடுருவவிட்டும், ஆர்ப்பாட்டங்களைப் படமும் காணொளியும் எடுத்தும், சமூக ஊடகங்களைக் கண்காணித்தும் இலங்கை அரசு பிரித்தானியாவில் விரிவாகத் தகவல் திரட்டுகிறது என்று இந்நாட்டில் புகலிட மேன்முறையீடுகளைக் கேட்கும் மேல் தீர்ப்பாயமே 2021 இல் வழங்கிய வழிகாட்டுத் தீர்ப்பொன்றில் பதிவு செய்திருக்கிறது. ஆகையால் அவருக்கு ஒரு வரியில் பதில் சொல்லி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். இரவில் இயங்கும் கமராக்கள் தமக்கான வெளிச்சத்தைத் தாமே கொண்டுவருகின்றன. அவற்றின் வில்லையைச் சுற்றியுள்ள சிறு விளக்குகள் 850 அல்லது 940 நானோமீற்றர் அலைநீளத்தில் அகச்சிவப்பு ஒளியை வீசுகின்றன; முதல் வகையில் மங்கலான செம்புள்ளிகள் தெரியும், இரண்டாவது வகையில் நம் கண்ணுக்கு எதுவுமே தெரியாது. என் கண்ணாடியின் வில்லையில் கலந்துள்ள சாயம் இந்த ஒளியை உறிஞ்சிவிடுகிறது. வாங்கிய புதிதில் எங்கள் வீட்டு அழைப்புமணிக் கமராவின் முன்னால் இருட்டில் நின்று, பிறகு பதிவைத் திறந்து பார்த்தேன். சாதாரணக் கண்ணாடியோடு நின்ற படத்தில் என் கண்மணிகள் வெள்ளையாக மின்னின. நான் அணிந்திருந்த கறுப்புக் கம்பளிச் சட்டைகூட, அதன் சாயம் அகச்சிவப்பைத் திருப்பி அனுப்புவதால், சாம்பல் வெள்ளையாகத் தெரிந்தது. இந்தக் கண்ணாடியோடு நின்ற படத்தில் கண்கள் இருந்த இடத்தில் இரண்டு கரிய வட்டங்கள் மட்டுமே இருந்தன. இமையும் புருவத்தின் கீழ்ப்பாதியும்கூட மறைந்திருந்தன. முகத்தை அடையாளம் காணும் மென்பொருட்கள் கண் பகுதியைப் பெரிதும் நம்பியிருப்பதால் இது சிறிய காரியமல்ல. வாயும் தாடையும் நடையும் அப்படியே பதிவாகின என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இனி, இத்தனை நாளாக என்னைப் பொறுமையிழக்கச் செய்யும் விடயம். அகச்சிவப்பை உறிஞ்சும் அந்தச் சாயம் அதோடு நிற்பதில்லை, கண்ணுக்குத் தெரியும் ஒளியிலும் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. வில்லை வெளிர்பச்சையாக இருக்கும். கடையின் படத்தில் அது அழகாகத்தான் தெரிகிறது. ஆனால் டிசம்பரில் பிற்பகல் நான்கு மணிக்கே இருட்டிவிடும் ஊரில், மழை பெய்து ஓய்ந்த வீதியில், தெற்கு லண்டனின் மேற்குக் குரொய்டன் ரயில் நிலையத்திலிருந்து வீட்டுக்கு நடக்கும்போது, நடைபாதை எங்கே முடிந்து வீதி எங்கே தொடங்குகிறது என்பதே மங்கிப்போகிறது. கறுப்பு உடையோடு விளக்கில்லாத சைக்கிளில் வருபவர் அருகில் வந்த பிறகுதான் தெரிகிறார். கமராவின் அகச்சிவப்பு விளக்குகள் எரிவது இருட்டில் மட்டும். இந்தக் கண்ணாடியால் எனக்குப் பார்வை குறைவதும் அதே இருட்டில்தான். எந்த நேரத்துக்காக வாங்கினேனோ அந்த நேரத்தில்தான் கழற்றிப் பையில் வைக்கத் தோன்றுகிறது. இதை அணிந்து இரவில் வாகனம் ஓட்டுவதை நினைத்தே பார்க்க முடியாது. கிட்டப்பார்வை உள்ள எனக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. பார்வைத் திருத்தம் சேர்த்து இந்த வில்லையைச் செய்துதர எங்கள் பகுதியில் நான் கேட்ட கண்ணாடிக் கடைகள் எதுவும் முன்வரவில்லை. தொலைவிலிருந்து வரவழைத்ததில் வரியும் கூரியர் கட்டணமும் சேர்ந்து விலை எங்கோ போய்விட்டது. தயாரித்தவர்கள் உழைப்பாளிகள், கேள்விக்குப் பொறுமையாகப் பதில் எழுதுகிறவர்கள், சட்டத்தைக் கையால் மெருகேற்றுகிறார்கள். அதையெல்லாம் மதிக்கிறேன். ஆனாலும் மழை இருட்டில் படி தெரியாமல் கால் தடுமாறும்போது அந்த மதிப்பு உதவிக்கு வருவதில்லை.

பகலின் கதை வேறு. பகல் வெளிச்சத்தில் வண்ணம் சரியாகத் தெரிய வேண்டும் என்பதற்காக, பெரும்பாலான பாதுகாப்புக் கமராக்கள் தம் உணரியின் முன்னால் அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டி ஒன்றைத் தாமே நகர்த்தி வைத்துக்கொள்கின்றன; விடியலிலும் அந்தியிலும் சில கமராக்களிலிருந்து கேட்கும் ‘டிக்’ ஒலி அதுதான். நான் மறைக்க முயலும் ஒளியைக் கமராவே வேண்டாம் என்று ஒதுக்கிய பிறகு என் கண்ணாடிக்கு அங்கே வேலை ஏது? ஜப்பானின் தேசியத் தகவலியல் நிறுவனத்தில் இசாவோ எச்சிசென் தலைமையிலான குழு பத்தாண்டுக்கு முன்பே இந்தச் சுவரில் மோதியது. கமராவைக் குழப்புவதற்காக மூக்கையும் கண்களையும் சுற்றி அகச்சிவப்பு விளக்குகளைப் பொருத்திய கண்ணாடியைத்தான் அவர்கள் முதலில் செய்தார்கள். வடிகட்டி உள்ள கமராக்களிடம் அது பலிக்காததாலும் மின்கலம் தேவைப்பட்டதாலும், பிறகு ஒளியைப் பிரதிபலித்தும் உறிஞ்சியும் வேலை செய்யும், மின்சாரம் வேண்டாத வடிவத்துக்கு மாறினார்கள்.

எங்கள் குரொய்டனில் இது ஏட்டுக் கேள்வி இல்லை. லண்டன் பெருநகரப் பொலிஸார் முகங்களை உடனுக்குடன் அடையாளம் காணும் வாகனங்களை இங்கே பலமுறை நிறுத்தியிருக்கிறார்கள். 2025 இல் வீதிக் கம்பங்களிலேயே நிலையாகப் பொருத்திய கமராக்களையும் சோதனைக்குக் கொண்டுவந்தார்கள். தேடப்படுவோர் பட்டியலோடு பொருந்தாத முகங்களின் உயிரியளவுத் தரவு (முகத்தின் அளவீடுகள்) உடனே அழிக்கப்படுகிறது என்றும், காணொளி 31 நாட்கள் வரை வைக்கப்படுகிறது என்றும் பொலிஸார் சொல்கிறார்கள். நண்பகலில் கடைவீதியில் அந்தக் கமராவைக் கடக்கும் ஒருவருக்கு, இந்த விலையுயர்ந்த வெளிர்பச்சைக் கண்ணாடியைவிட, சந்தையில் விற்கும் மலிவான கறுப்புக் கண்ணாடியும் முன்விளிம்பு நீண்ட தொப்பியும் கூடுதலாக உதவும். கழுத்துத்துணியால் முகத்தை மூடலாமே என்போர், 2019 இல் கிழக்கு லண்டனின் ரொம்ஃபோர்டில் கமராவைக் கடக்கையில் சட்டையை இழுத்து முகத்தை மூடிய ஒருவரைப் பொலிஸார் நிறுத்திப் படமெடுத்து, அவர் கோபமாகப் பேசியதும் 90 பவுண் அபராதம் விதித்ததை நினைவில் வைக்க வேண்டும். ஆர்ப்பாட்ட இடங்களில் முறையான அதிகார ஆணை நடைமுறையில் இருந்தால், அடையாளத்தை மறைப்பதற்கென்று அணிந்ததைக் கழற்றச் சொல்லவும் 1994 ஆம் ஆண்டுக் குற்றவியல் நீதி, பொது ஒழுங்குச் சட்டத்தில் இடமுண்டு, மறுப்பது குற்றமாகும்.

எதிர்பாராமல் கிடைத்த நன்மை ஒன்றையும் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. என் கைத்தொலைபேசி முகத்தைப் பார்த்துத் திறக்கும் வகை. அது முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட அகச்சிவப்புப் புள்ளிகளை முகத்தில் வீசிப் படிக்கிறது. கண்ணாடி அணிந்திருந்தபோது அது எனக்குத் திறக்க மறுத்தது. தொடக்கத்தில் எரிச்சலாக இருந்தது. வேலைத்தளத்தில் கையுறையைக் கழற்றி ஒவ்வொரு முறையும் எண்களை அழுத்த வேண்டியிருந்தது. இப்போது முகத்தால் திறக்கும் வசதியையே நிறுத்திவிட்டேன். என் முகத்துக்கு நேரே தொலைபேசியை நீட்டி அதை யாரும் திறந்துவிட முடியாது என்ற நிம்மதி, கண்ணாடியைக் கழற்றிய பிறகும் என்னோடு இருக்கிறது.

நண்பருக்கு என் பதில்: வாங்க வேண்டாம். நீங்கள் போகும் கூட்டம் பகலில் நடக்கிறது, அங்கே படமெடுப்பவை சாதாரணக் கைத்தொலைபேசிகள், அவற்றை இந்த வில்லை ஒன்றும் செய்யாது. விழும் வெளிச்சத்தை வந்த திசைக்கே திருப்பி அனுப்பும் கழுத்துத்துணியும் வேண்டாம். அது ஃப்ளாஷ் வெளிச்சத்தோடு எடுக்கும் படத்தை மட்டுமே கெடுக்கும். நானோ என்னுடையதைத் தொடர்ந்து அணிவேன், உடைந்தால் இன்னொன்றும் வாங்குவேன். மேலே எழுதிய குறைகளை எல்லாம் கூட்டிக் கழித்தால் இந்த முடிவு வராது என்பது தெரிந்தே சொல்கிறேன். எங்கள் தெருவில் வாசலுக்கு வாசல் அழைப்புமணிக் கமரா இருக்கிறது, அவற்றில் ஒன்றுக்கேனும் நான் சம்மதம் கொடுத்ததில்லை. இரவு வேலை முடிந்து வரும்போது அந்தப் பதிவுகளில் என் கண்களை நான் கொடுக்கவில்லை என்பது எனக்கு வேண்டியிருக்கிறது.

நண்பருடைய பாதுகாப்புக்கு உண்மையில் தேவைப்படுவது வேறு இடத்தில் இருக்கிறது. கூட்டம் முடிந்த அன்றிரவே, முன்வரிசையில் அழுதுகொண்டிருந்தவர்களின் முகங்களை அவர்களைக் கேட்காமலே முகநூலில் ஏற்றுவது நம்மவர்கள்தான். தீர்ப்பாயம் குறிப்பிட்ட சமூக ஊடகக் கண்காணிப்புக்கு அதைவிட எளிதான வழி கிடையாது. மேடையை மட்டும் படமெடுக்க வேண்டும், கூட்டத்தின் ஒரு பக்கத்தைப் படமெடுக்கக் கூடாத பகுதியாக ஒதுக்க வேண்டும் என்று நானும் அவரும் இந்த ஆண்டு ஏற்பாட்டாளர்களுக்கு எழுதியிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை.