கசப்பு ஸ்ப்ரே: மேசைக்காலுக்குச் சரி, வயருக்கு ஆகாது

முயல் குட்டி பொருட்களைக் கடிக்காமலிருக்க அடிக்கவென விற்கும் கசப்பு ஸ்ப்ரே மேசைக்காலுக்குப் பரவாயில்லை. முதலில் மறைவான மூலையில் அடித்துக் கறை படிகிறதா என்று பாருங்கள். கசப்பு சீக்கிரம் போய்விடும், தினமும் அடிக்க வேண்டும். நுவரெலியா ஈரக்குளிரில் சோபாத் துணி லேசில் காயாது, அதற்கு வேண்டாம்.

வயரை இதை நம்பி விடவே கூடாது. ஹார்ட்வெயார் கடைக் கன்டியூட் பைப்பை (வயர் ஓட்டும் பிளாஸ்டிக் குழாய்) நீளவாக்கில் கீறி, வயரை உள்ளே நுழைத்துவிடுங்கள்.

சில குட்டிகள் கசப்பையும் நக்கிவிட்டுக் கடிக்கும். பாவம், முன்பல் வாரத்துக்கு 2 மில்லிமீட்டருக்குக் குறையாமல் வளர்கிறதே! அது தேய, மென்று தின்னக் காய்ந்த புல் எந்நேரமும் இருக்கட்டும். கொய்யாக் குச்சி கொடுத்தால் பட்டையை நார்நாராக உரித்துத் தின்னும். பீச் மரப் பச்சைக் கிளை விஷம். களைக்கொல்லி அடித்த தேயிலை மலை ஓரத்துப் புல்லும் வேண்டவே வேண்டாம்.