வெள்ளவத்தைத் தெருப்பூனைக் கருத்தடைச் சேவை: கட்டணத்தை விடக் கூடுதான் பெரிது

வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளில் திரியும் தெருப்பூனைகளுக்குக் குறைந்த கட்டணத்தில் கருத்தடை செய்துகொடுக்கும் தன்னார்வக் குழுவொன்றின் சேவையை, எமது தொடர்மாடியிலும் அயல் வீடுகளிலும் உள்ளவர்கள் பணம் சேர்த்து அண்மையில் பெற்றுக்கொண்டோம். தனியார் மிருக வைத்தியர்கள் கேட்கும் தொகையில் அரைவாசிக்கும் குறைவாகவே செலவானது என்பதைத்தான் எல்லோரும் முதலில் சொல்கிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, பூனை பிடிக்கும் கூட்டையும் அதை வைக்கத் தெரிந்த ஆளையும் அவர்களே அனுப்புகிறார்கள் என்பதாகும். மடியில் ஏறிப் படுக்கும் பூனையை ஒரு கூடையில் வைத்து எந்த வைத்தியரிடமும் கொண்டுபோகலாம். மனிதக் கை படாமல் வளர்ந்த பூனையைச் சாக்கோடு துரத்துபவர், கடியும் பிறாண்டலும் வாங்கி, விசர்நோய்த் தடுப்பூசிக்காக ஆஸ்பத்திரி வரிசையில் நிற்பதில்தான் முடியும்.

கூடு என்பது நீளமான கம்பிவலைப் பெட்டி. உட்கோடியில் உள்ள தகட்டை மிதித்தவுடன் பின்னால் கதவு விழும். வந்த இளைஞர் ரின் மீனின் எண்ணெயை வாசலிலிருந்து கோடாக ஊற்றி, மீன் துண்டைத் தகட்டுக்கு அப்பால் வைத்தார்; கதவு விழுந்த மறுகணமே கூட்டின் மேல் ஒரு பழைய படுக்கை விரிப்பைப் போட்டு மூடினார். கம்பியில் முட்டி மோதிய பூனை இருள் சூழ்ந்ததும் அடங்கிவிட்டது. முதல் நாளே உணவை நிறுத்தும்படி அவர்கள் சொல்லியிருந்தார்கள். மயக்க மருந்துக்கு முன் வயிறு வெறுமையாக இருக்க வேண்டும் என்பதோடு, பசி இருந்தால்தான் பூனை கூட்டுக்குள் நுழையும். ஆனால் ஒழுங்கையின் மறுகோடியில் மீன் வெட்டுபவர் வழக்கம்போலச் செதிளையும் குடலையும் எறிந்ததால், அந்தப் பக்கத்துப் பூனைகள் கூட்டைத் திரும்பியும் பார்க்கவில்லை. இச்சேவையை நாடுபவர்கள், பூனைகளுக்கு முன் இத்தகையவர்களிடம் பேசிவைப்பது நல்லது.

ஒன்றிரண்டு பூனைகளுக்கு மட்டும் இவர்கள் பதிவு எடுப்பதில்லை; ஒழுங்கை முழுவதற்குமாகவே வருவார்கள். முதலில் இது வீண் பிடிவாதமாகத் தோன்றினாலும் இதற்குக் காரணம் உண்டு. பூனையின் கர்ப்பகாலம் ஏறத்தாழ ஒன்பது வாரம்தான். நான்கைந்து மாதக் குட்டியே கருத்தரிக்கக்கூடும். தாய்ப்பூனை பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த ஈற்றுக்குத் தயாராகிவிடும். ஆகவே பெரும்பாலானவற்றைக் குறுகிய காலத்துக்குள் பிடித்து முடிக்காவிட்டால், விடுபட்ட இரண்டு பெட்டைப் பூனைகளே செய்த வேலை முழுவதையும் ஈடுசெய்துவிடும்.

சத்திரசிகிச்சையின் தரத்தில் எனக்குக் குறை இல்லை. வைத்தியர் பெட்டைப் பூனைகளுக்கு அடிவயிற்றில் அல்லாது விலாப்பக்கத்தில் சிறிதாகக் கீறுகிறார். காயம் பிரிந்திருக்கிறதா, வீங்கியிருக்கிறதா என்பதைத் தூரத்திலிருந்தே பார்த்துவிடலாம் என்பதால், தொடவிடாத பூனைக்கு இதுவே பொருத்தம். பால் கொடுக்கும் பூனையின் மடியும் தப்பிவிடும். கரையும் நூலால் தைப்பதால் பிறகு தையல் பிரிக்கப் பிடிக்க வேண்டியதில்லை. மயக்கத்திலும் கண்கள் திறந்தே கிடப்பதால் அவை உலர்ந்து போகாதபடி களிம்பு பூசுகிறார்கள். அதே மயக்கத்திலேயே விசர்நோய்த் தடுப்பூசியும் ஏற்றி, இடது காதின் நுனியை நேராக வெட்டிவிடுகிறார்கள்.

இந்தக் காது விடயம் எமது மாடியில் சிறு சச்சரவையே கிளப்பியது. “வாயில்லாச் சீவன்ர காதையும் வெட்டிப்போட்டினமே” என்று கீழ்த்தளத்து அன்ரி மனம் நொந்தார். காதில் அந்த அடையாளம் இல்லாவிட்டால் அதே பூனையை அடுத்த முறையும் பிடித்து, மயக்கி, கீறிப் பார்த்த பிறகே விடயம் தெரியவரும் என்று விளக்கியபின் சமாதானமானார். உண்மையில் பார்ப்பதற்கு அது காயமாகவே தெரிவதில்லை.

எனது ஆட்சேபம் வேறு இடத்தில் இருக்கிறது. வயிற்றில் குட்டியுள்ள பூனை அகப்பட்டால் என்ன செய்வது என்ற கேள்வி, கையொப்பமிடும் படிவத்தில் எங்கும் இல்லை. அத்தகைய பூனைக்கும் கருத்தடை செய்வது இவ்வகைத் திட்டங்களில் வழக்கம்தான். தெருவில் பிறக்கும் குட்டிகளுக்கு நேர்வதை அறிந்தவர் அதைக் குறை சொல்லவும் மாட்டார். எனினும் அதைப் பாவமென்று கருதுபவர்கள் எமது மாடியிலும் பணம் கொடுத்திருக்கிறார்கள். அவர்களிடம் முன்கூட்டியே கேட்டிருக்க வேண்டும்.

அடுத்தது, பராமரிப்புக் குறிப்புத் தாள் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மட்டுமே இருந்தது. வெள்ளவத்தையில் இது மன்னிக்க முடியாத அசட்டை. வேதனை தணியட்டும் என்று பாலில் அரைப் பனடோல் கரைத்து வைக்க ஒருவர் ஆயத்தமானார். பனடோலில் உள்ள பரசிற்றமோல் பூனைக்கு நஞ்சு, ஒரு குளிசையே உயிரைப் பறிக்கப் போதும். தாளில் அந்த எச்சரிக்கை இருக்கத்தான் செய்தது, அவரால் வாசிக்க முடியாத மொழிகளில்.

பெட்டைப் பூனைகளை ஓர் இரவு வைத்திருந்து மறுநாள் விடுவதே முறை. இங்கே இடமில்லை என்று மாலையிலேயே கூடுகளோடு எங்களிடம் ஒப்படைத்துவிட்டார்கள். மயக்கம் தெளியும் பூனையின் உடற்சூடு இறங்கிவிடும் என்பதால், கூடுகளைக் காற்றுப்படாத இடத்தில், அடியில் தடிப்பாகப் பத்திரிகைத் தாள் விரித்து வைக்க வேண்டும். நாங்கள் வாகனத் தரிப்பிடத்தின் ஒரு மூலையை ஒழித்துக்கொடுத்தோம். அத்தகைய மூலை இல்லாதவர்கள் பதிவு செய்யும்போதே இதைப் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும். கடுவன்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அவை அன்றிரவே சுவரேறிப் போய்விட்டன. ஆனால் சத்திரசிகிச்சைக்குப் பின்னும் சில வாரங்கள் அவற்றால் சினைப்படுத்த முடியும் என்பதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

இவ்வளவு குறைகளுக்குப் பின்னும் அயல் ஒழுங்கைக்காரர்களுக்கு இவர்களையே பரிந்துரைத்திருக்கிறேன். பிடிப்பவரும் வைத்தியரும் ஒன்றாக வரும் வேறு சேவையை நான் காணவில்லை. மீன் வெட்டும் பக்கத்தில் விடுபட்ட பூனைகளுக்காக அடுத்த சுற்றில் கூடு தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். தாளைத் தமிழில் எழுதித்தர நான் கேட்டிருக்கிறேன். அதற்கு இன்னும் பதில் வரவில்லை.